ஆடிப்பெருக்கில் போன ஏடுகளும் எங்கள் வீட்டுப் பரணும்

கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பையன் என்கிறேன், அவனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்பில் என் முன்னால் நின்று வாய்ப்பாடு ஒப்பித்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். காபி குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"டீச்சர், உங்க மாமனார் கர்ணமா இருந்தவர்னு அப்பா சொன்னாங்க. அவர் சொந்தமா எழுதி வச்ச கணக்கு நோட்டு ஏதாவது பரண்ல கிடக்குமா? அறுபதுகள்ல நடவுக்கும் அறுப்புக்கும் ஆளுக்கு எவ்வளவு நெல் அளந்தாங்கன்னு தெரிஞ்சா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

"இருந்துச்சுப்பா," என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொல்லித்தானே ஆகவேண்டும். "பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன்."

"பரவால்ல டீச்சர்" என்றான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

என் மாமனார் திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் கர்ணம். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு மணியம், கர்ணம் பதவிகளை எல்லாம் ஒழித்தார்கள். அப்போது சர்க்கார் கணக்குகளை ஒரு தாள் விடாமல் ஒப்படைத்துவிட்டு வந்தவர். ஆனால் சொந்தக் கணக்கு என்று தனியாக நீள நோட்டுகள் வைத்திருந்தார். கருப்பு மசியில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். என்றைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தது, வாய்க்காலுக்கு என்றைக்கு ஏறியது, குறுவைக்கு எத்தனை ஆள் நடவு, ஆளுக்கு எத்தனை படி, களத்தில் கண்ட நெல் எத்தனை கலம், எத்தனை மரக்கால் என்று எல்லாம் இருக்கும். ஓரத்தில் சின்ன எழுத்தில் வீட்டுச் சமாச்சாரம். 1952 நவம்பர் 30 புயலில் எத்தனை தென்னை சாய்ந்தது என்பதை எனக்கே ஒரு முறை படித்துக் காட்டியிருக்கிறார். நான் அந்த வீட்டுக்கு வந்த புதிது.

அறுபதுகளின் கூலிக் கணக்கு என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் எண்ணிக்கை. பழைய தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு அப்படி இல்லை. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிந்துபோனார்கள். அந்த அரைப்படி எதோடு சேர்ந்த அரைப்படி, அன்றைக்கு ஊருக்கு ஊர் என்ன அளந்தார்கள் என்று தேடிக்கொண்டு ஒருவன் என் வாசலுக்கு வருகிறான். நான் அதை 41 கிலோ, கிலோ 12 ரூபாய் என்று தராசில் வைத்து 492 ரூபாய் வாங்கியிருக்கிறேன். அதில் இரண்டு ரூபாயைச் சில்லறை இல்லை என்று பேப்பர்காரரிடமே விட்டுவிட்டேன்.

ஏன் போட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதிலும் ஒரு நியாயம் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன் சார் காலமானார். (அவரும் ஆசிரியர்தான். ஊரில் எல்லோருக்கும் சார், எனக்கும் சார்.) அதன் பிறகு அவர் இருந்த அறைக்குள் என்னால் போக முடியவில்லை. கதவை ஒருக்களித்தே வைத்திருப்பேன். மருந்துப் பெட்டி, மூக்குக் கண்ணாடி, குடை, மாட்டியிருந்த சட்டை எல்லாம் இருந்தது இருந்தபடி. அடுக்களையில், கூடத்தில், பரணில் என்று வீடு முழுக்க நாற்பது வருஷத்துச் சாமான். நான் ஒருத்தி. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை அப்படியே கிடப்பேன். பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் போனில் சொன்னாள். "அம்மா, மொத்தமா செய்யாத. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இழுப்பறை. அவ்வளவுதான்."

முதலில் மருந்து இழுப்பறை. தேதி முடிந்த மாத்திரைகள், பாதி தீர்ந்த டானிக், எப்போதோ எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு இழுப்பறையைத் துடைத்து, அடியில் புதுத் தாள் விரித்து மூடினேன். அன்று ராத்திரி ஐந்து மணி வரை தூங்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆறு மாதத்தில் அதுதான் முதல் முழுத் தூக்கம். மறுநாள் கண்ணாடிக் கூடு. அதற்கு மறுநாள் செருப்பு அலமாரி. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அழுகை வரும், ஆனால் அது முடிகிற அழுகை. கதவை ஒருக்களித்து வைத்திருந்த காலத்து அழுகைக்கு முடிவே இல்லாமல் இருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்றால், ருசி கண்டுவிட்டேன். ஒரு இழுப்பறை இரண்டாகி, இரண்டு ஒரு அலமாரியாகி, போகிக்கு முதல் நாள் பரணில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்தே பார்க்காமல் கீழே இறக்கி, அப்படியே கொட்டச் சொல்லிவிட்டேன். அன்றும் நன்றாகத்தான் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அந்தப் பையன் போன பிறகு அலமாரியிலிருந்து உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை எடுத்தேன். இதே கதையை வேறு எங்கோ படித்திருக்கிறோமே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. தேடியதும் கிடைத்தது.

உ.வே.சா. நம்ம ஊர்க்காரர். 1855-ல் பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 1887-ல் சீவக சிந்தாமணி, 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இத்தனையும் கும்பகோணத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டே செய்த வேலை. லீவு விட்டால் சுவடி தேடக் கிளம்பிவிடுவார். அப்படித் திருநெல்வேலிக்குப் போனபோது ஒரு வக்கீல் வீட்டில் சுவடி கேட்கிறார். வண்டி வண்டியாக இருந்தன, எல்லாம் ஒடிந்து இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன, ஆடிப் பதினெட்டில் தேர் மாதிரி கட்டி வாய்க்காலில் விடுவது வழக்கம் என்று வீட்டுப் பெரிய பெண்கள் சொன்னார்கள், விட்டுவிட்டேன் என்கிறார் அந்த வக்கீல். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இன்னும் மோசம். ஒரு பாண்டிய மன்னர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அங்கே இருந்தன என்று கேள்விப்பட்டுப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இடவேண்டும் என்று சாஸ்திரம் இருப்பதாகச் சொல்லி எரித்துவிட்டார்களாம்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்த வக்கீலை நான் நன்றாக ஏசியிருக்கிறேன். "பார்த்தீங்களா, இவ்வளவு படிச்சவருக்கு இது தெரியல" என்று. இப்போது படித்தபோது ஏச முடியவில்லை. 'இடத்தை அடைத்துக்கொண்டு' என்ற அந்தப் பேச்சு, தகரப் பெட்டியைக் காட்டி நான் சொன்ன பேச்சுதான்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். எழுத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள் நாம். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கிச் சந்தனம் வைக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் எப்படி ஏட்டை ஆற்றில் விடுகிற வழக்கம் வைத்தார்கள்? அறியாமை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பனை ஓலையின் ஆயுள் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் இருநூறு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் முந்நூறு. அதற்குள் பூச்சி துளைக்கும். இராமபாணம் என்கிற பூச்சி கட்டின் மேல் ஏட்டிலிருந்து கீழ் ஏடு வரை ஒரே நேர்க்கோட்டில் துளை போட்டுக்கொண்டு போகும். ஓரம் முறியும். அதனால் நூல் வாழவேண்டும் என்றால் ஓலை சாவதற்குள் இன்னோர் ஓலைக்கு மாறியாக வேண்டும். ஓலையை வாட்டி, பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, கரியும் இலைச்சாறும் மஞ்சளும் தடவி எழுத்தைத் தெரியவைத்து, பழையதைப் பார்த்துப் புதியது எழுதுவார்கள். அதற்கென்றே ஏடு எழுதிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது இப்படித்தான். இன்றைக்கு இருக்கும் எந்த ஓலையும் சங்க காலத்து ஓலை இல்லை. படிக்குப் படி, படிக்குப் படி என்று கை மாறி வந்தவை.

படி எடுத்த பிறகு பழைய ஏட்டை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வராது. அடுப்பில் வைப்பது பாவம். அதனால் பொங்கி வருகிற புதுப் புனலில், மரியாதையோடு. கல்யாண மாலையை ஆடிப்பெருக்கு வரை பத்திரமாக வைத்திருந்து ஆற்றில் விடுகிறோமே, அதே மாதிரி. எங்கள் கல்யாண மாலைகளையும் 1985 ஆடியில் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில்தான் விட்டோம். காய்ந்து சருகாகிப்போன மாலை. தண்ணீரில் பட்டதும் கொஞ்சம் நிறம் வந்த மாதிரி இருந்தது. அதை விட்டதில் யாருக்கும் துக்கம் இல்லை. கல்யாணம்தான் வீட்டுக்குள் இருக்கிறதே!

ஏட்டை ஆற்றில் விடுவதும் முதலில் இப்படி ஒரு வழக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். படி வீட்டில் இருக்கிறது, பழையது ஆற்றுக்கு. இது என் ஊகம்தான், எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் என்ன ஆயிற்று என்பது வரலாறு. 1835-ல் நம்மவர்கள் அச்சுக்கூடம் வைக்க இருந்த தடை நீங்கியது. அதன் பிறகு அச்சுப் புத்தகங்கள் பெருகின. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் மெல்லக் குறைந்தன. ஏடு எழுதுகிறவர்களுக்கு வேலை இல்லை. படி எடுப்பது நின்றுபோனது. ஆனால் ஆடிப் பதினெட்டு நிற்கவில்லை. வழக்கத்தின் முதல் பாதி மறந்துபோய், இரண்டாம் பாதி மட்டும் வருஷா வருஷம் நடந்தது. உ.வே.சா. தேடப் புறப்பட்டபோது படி எடுப்பது பெரும்பாலும் அருகியிருந்தது. அதே 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்த யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும், ஏட்டைத் தொட்டால் ஓரம் முறிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்ற பொருளில் புலம்பி எழுதியிருக்கிறார்.

இடையில் ஒன்று. தேவாரம் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சிதம்பரத்தில் பூட்டிய அறையைத் திறந்தால் ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால் செல்லரித்தது போக மிச்சம் கொஞ்சம்தான். மன்னர் கலங்கி நிற்கும்போது, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதைச் செல்லரிக்கவிட்டோம் என்று அசரீரி கேட்டதாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இது புராணம்தான். ஆனால் இழந்தவர்கள் மனம் ஆறுவதற்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டால் அருமையான வார்த்தை. அந்தப் பையன் போன அன்று ராத்திரி எனக்கும் இப்படி ஓர் அசரீரி கேட்கக்கூடாதா என்று இருந்தது.

இனி சரஸ்வதி மகாலுக்கு வருகிறேன். தஞ்சாவூர்க்காரர்கள் பலர் அரண்மனை வாசல் வழியாக நூறு தடவை பஸ்ஸில் போயிருப்பார்கள், உள்ளே ஒரு தடவை போயிருக்க மாட்டார்கள். நானே பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனதுதான் முதல் தடவை.

நாயக்கர் காலத்திலேயே தொடங்கிய சுவடிச்சாலை. அதை வளர்த்தவர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 முதல் 1832 வரை). காசி யாத்திரை போனபோதும் சுவடி வாங்கினார். வாங்க முடியாததைப் பண்டிதர்களை வைத்துப் படி எடுத்தார். 1855-ல் கடைசி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துக்கு வழக்கு நடந்தது. இடம், பணம், நகை எல்லாம் தகராறு. அந்த நேரத்தில் ஓலையும் காகிதமுமாக இவ்வளவு குவியலை யாராவது 'இடத்தை அடைக்கிறது' என்று முடிவு செய்திருந்தால் முடிந்தது கதை. அப்படி நடக்கவில்லை. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னெல் என்ற வெள்ளைக்காரர் உட்கார்ந்து வடமொழிச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போட்டார். 1880-ல் அது அச்சாகி வந்தது. உ.வே.சா. கும்பகோணத்தில் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம். 1918 அக்டோபர் 5 முதல் நூலகம் பொதுமக்களுக்கு என்று ஆனது.

அங்கே இலக்கியமும் சாஸ்திரமும் மட்டும் இல்லை. மோடி எழுத்தில் எழுதிய மராட்டிய அரசு ஆவணங்கள் 1,300-க்கும் மேற்பட்ட கட்டுகள். பெரும்பாலும் அன்றாடக் கணக்கு. யாருக்கு என்ன சம்பளம், சத்திரத்துக்கு எவ்வளவு அரிசி, எந்த விருந்தாளிக்கு என்ன செலவு. சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளைப் பார்த்த குறிப்புகளும் இருக்கின்றன. நோயாளியின் பெயர், கண்ணில் என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்று எழுதி, பக்கத்தில் அந்தக் கண்ணையே வண்ண ஓவியமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன மறுநாளே அந்தத் தாளுக்கு வேலை இல்லை. இருநூறு வருஷம் கழித்து இன்றைய கண் டாக்டர்கள் அதை எடுத்து ஆராய்கிறார்கள்.

அங்கே ஓலைக் கட்டுகளுக்கு நடுவே சின்னத் துணி முடிச்சு வைப்பார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துச் சூடம் சேர்த்துக் கட்டிய முடிச்சு. பூச்சி அண்டாது. ஆனால் முடிச்சை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. வாசனை போனதும் மாற்றவேண்டும், அவிழ்த்துத் தூசி தட்டவேண்டும், எண்ணெய் தடவவேண்டும். வைத்துக்கொள்வது என்றால் அதற்கும் வேலை உண்டு. பரணில் தூக்கிப் போட்டு நாற்பது வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குப் பெயர் வைத்துக்கொள்வது இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. போடுவதற்கு மனம் வராத சோம்பல் என்று சொல்லலாமா?

வீடு அடைந்து கிடந்தால் மனமும் அடைந்து கிடக்கும் என்பதை இப்போது விஞ்ஞானமும் சொல்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் வேலைக்குப் போகும் தம்பதிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2010-ல் வெளியிட்டார்கள். தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். வீடு சாமான் அடைசல், முடிக்காத வேலை என்று பேசிய பெண்களுக்கு, கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் சாயங்காலத்துக்குள் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லையாம். ஆண்களிடம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. (நான் ஒன்றும் சொல்லவில்லை!) ஜப்பானில் மரி கோண்டோ என்ற பெண்மணி 2011-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு விடு என்கிறார். கையில் எடுத்துப் பார் என்கிறாரே, அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

நம் குடியானவர்களுக்கு இது புதிதில்லை. கோடையில் ஏரி குளம் தூர் வாருகிறோம். அடியில் கிடக்கும் வண்டல் குளத்துக்கு அடைப்பு. அதையே வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினால் உரம். வண்டல் எது, வெறும் மணல் எது, முள்ளும் கண்ணாடித் துண்டும் எது என்று மண்வெட்டி பிடித்தவன் பார்த்துத்தான் வெட்டுவான். பொக்லைன் வந்தபிறகு எல்லாம் ஒரே அள்ளில் கரைமேல் போகிறது. என் தகரப் பெட்டியும் பொக்லைன் வேலைதான்.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். கழிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுமோ என்று பயமாகக்கூட இருக்கிறது. ஆனால் முன்னால் ஒரு படி எடுக்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டு. போகப்போகிற பொருளைப் பற்றி நாலு வரி. யாருடையது, எப்போது வந்தது, எதற்கு உபயோகித்தோம். தாள் என்றால் போனில் படம். பேத்தி சொல்லிக்கொடுத்தாள், இப்போது எனக்கே கோணாமல் எடுக்க வருகிறது.

சாருடைய குடையைப் போன வாரம் கொடுத்தேன். நோட்டில் எழுத உட்கார்ந்தால் நாலு வரி ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது. கைப்பிடி மாற்றியது, கும்பகோணம் மகாமகத்துக்கு 1992-ல் போனபோது கூட்டத்தில் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து 'இதைப் பாத்துக்கிட்டே வா' என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனது. எழுதி முடித்தபின் குடை வெறும் குடையாகிவிட்டது. பால்காரர் மழையில் நனைந்துகொண்டு வந்தார், அவரிடமே கொடுத்துவிட்டேன். சட்டைகளில் ஒன்றை மட்டும் இன்னும் எழுத முடியவில்லை. அது இருக்கட்டும்.

இந்தப் பதிவை எழுத இன்னொரு காரணமும் உண்டு. ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. நம் டெல்டா ஊர்களில் பரணில் இன்னும் ஓலைக் கட்டு கிடக்கும் வீடுகள் இருக்கின்றன. வைத்தியச் சுவடி, ஜாதகம், நிலக் கணக்கு என்று எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவிழ்க்காதீர்கள், எண்ணெய் கிண்ணெய் ஊற்றாதீர்கள். தஞ்சாவூரிலேயே சரஸ்வதி மகால் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓலை இல்லாமல் நோட்டு, கடிதம், கூலிக் கணக்கு, கல்யாண மொய் நோட்டு என்றாலும் பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புரட்டுங்கள்.

பேப்பர்காரரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "அது அன்னைக்கே லோடு ஏத்தியாச்சும்மா." அவர் மேல் தப்பில்லை.

அந்தப் பையனுக்குப் போன் செய்து, எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். யோசித்துப் பார்த்தால் எனக்கு நினைவிருப்பது புயலில் விழுந்த தென்னைக் கணக்கு மட்டும்தான். கூலி நினைவில்லை. மாமனார் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. அப்புறம்தான் தோன்றியது. எங்கள் வயலில் அந்தக் காலத்தில் நடவு நட்ட பெரியம்மா ஒருவர் வாய்க்கால் கரைத் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். சாயங்காலம் போய் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் பெரியம்மா, அப்ப நடவுக்கு எங்க வீட்டுல என்ன அளந்தாங்க, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? எந்த வருசம்னு சொல்லு தாயி. தண்ணி வந்த வருசத்துக்கு ஒண்ணு, வராத வருசத்துக்கு ஒண்ணு."

சொல்ல ஆரம்பித்தார். எந்தக் களத்தில் படியைத் தலை தட்டி அளப்பார்கள், எந்தக் களத்தில் கும்பாச்சியாக விடுவார்கள் என்பது வரை. எங்கள் வீட்டுக் களத்தில் எப்படி அளந்தார்கள் என்பதையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் ரிக்கார்டரோடு வருகிறான்.